இடக்காது

ஏகாம்பரம் வீதி நௌபீக்கின் கடையிலிருந்து
ஒரு கிழமைக்கு இரவலாய் வந்தன
இரண்டு பெட்டிகள்.
எண்களை வாங்கி அலையாக்கித் தருபவை.
டாக் என்றால் அவ்வளவுதான்,
மீதியெல்லாம் விலை.

ஒன்று சவர்க்காரக் கட்டியளவு, கறுப்பு.
மற்றது செங்கல்லைப் போலப் பாரம்,
முகத்தில் பச்சை எழுத்து,
தொண்ணூறாயிரம் கூட.

நிமலேந்திரன் மேசையைச் சுவரிலிருந்து இழுத்தார்.
பிளக்குகளில் ஏறியிருந்த பச்சைக் களிம்பை
தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தார்.
உவர்மலை என்று பேர் வைத்தவன்
வீட்டில் பித்தளை வைத்திருந்திருப்பான்.

முதல் நாள் முழுக்க உறுமல்.
டாக்கும் இல்லை, ப்ரீஆம்பும் இல்லை,
பிரிட்ஜ் என்று
பிரிட்ஜை நிறுத்தியபோது தெரிந்தது.
விடியும்வரை சுத்தமான இசை.
விடிந்ததும் பாரைக்குழம்பு பூனைக்கு.

ஞாயிற்றுக்கிழமை சோதனை.
அவர் கண்ணை மூடிச் சாய்கதிரையில்.
பெட்டிகளைத் துவாயால் மூடி
நான் மாற்றி மாற்றிக் கொழுவினேன்.
இரண்டும் ஒரே அளவில் ஒலிக்க வேணும்,
அரை டெசிபெல் கூடினாலும்
காது அதைத்தான் நல்லதென்னும்.

"இது. மேல்ஸ்தாயி கண்ணாடி மாதிரி."
"இது கொஞ்சம் மூடினாப்போல."
"வில்லில இருந்து தூள் பறக்கிறது கேக்குது, பார்."

பத்துத் தரம் மாற்றினேன். ஐந்து சரி.
நாணயத்தைச் சுண்டியிருந்தாலும்
ஐந்துதான் வந்திருக்கும்.
கொப்பியில் ஏழு என்று எழுதினேன்.

பெரியாஸ்பத்திரியில்
சத்தம் புகாத அறைக்குள் ஆட்களை இருத்தி
கேட்டால் பொத்தானை அமத்துங்கோ
என்று சொல்கிற வேலை எனக்கு.
நாலு வருசத்துக்கு முன் இவரையும் இருத்தினேன்.
வலது, வயதுக்குரிய சரிவு.
இடது, நாலாயிரம் ஹேர்ட்சில் கிணறு,
அதற்கு அங்காலே கோடு
ஏறவேயில்லை.

கொட்பேயில் இருபத்தேழு வருசம்
டீசல் எஞ்சினோடு இடக்காதை வைத்து
எந்த வால்வு தட்டுகிறதென்று சொன்னவர்.
இப்போதும் வள்ளக்காரர் அவரைத்தான் தேடி வருகிறார்கள்.
எஞ்சினின் நோயெல்லாம்
நாலாயிரத்துக்குக் கீழேதான்.

அன்றைக்குத் தாளைக் காட்டினேன்.
நாலாய் மடித்து லைசென்சுக்குள் வைத்தார்.
பிறகு அதைப்பற்றிப் பேச்சில்லை.

"ஏழு வந்திருக்கு. அப்ப பாரமானதுதான்."
என் பொய்யின் விலை தொண்ணூறாயிரம்.

மிஞ்சிய காசுக்குப் புது ப்ரீஆம்ப் வராது.
நௌபீக் கீழ்த்தட்டிலிருந்து
தூசியோடு ஒன்றை எடுத்தான்.
வெள்ளி முகம், ரிமோட் இல்லை,
ஒலியளவுக் குமிழுக்குப் பக்கத்தில் இன்னொரு குமிழ்.
"இத இப்ப ஆரும் போடுறல்ல மிஸ்,
சிக்னலுக்கு நடுவுல வீண் சாமானாம்."

பலன்ஸ்.
இரண்டு காதும் ஒன்றில்லை என்று
யாரோ ஒருவன் ஒத்துக்கொண்டு
துளை போட்டு மாட்டியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ஓட்டோவில் ஏறினேன்.

இரண்டு கிழமை அது நடுவிலேயே நின்றது.

கச்சான் யன்னலை அறைந்த ஒரு மாலை.
குசினிக்குள் நான் வெங்காயத்தோடு.
அவர் எழும்பினார்,
என் பக்கம் ஒருக்கால் பார்த்தார்,
குமிழை இடப்பக்கம் திருகினார்.
பத்து மணிக்கு. இல்லை,
கொஞ்சம் பின்னால், பதினொன்றுக்கு.
போய் இருந்தார்.

வயலின் அவருக்கு நடுவில் வந்து நின்றிருக்க வேணும்.
கதிரைக் கையில் தாளம் போட்ட விரல்
போட்டபடியே நின்றுவிட்டது.

எனக்கோ முழு இசையும்
துறைமுகப் பக்கம் சாய்ந்து கிடந்தது,
கரை தட்டிய வள்ளம் மாதிரி.
கையைத் துடைத்துக்கொண்டு வந்து
என் கதிரையை
வலப்பக்கம் இரண்டடி தள்ளிப் போட்டேன்.

"என்ன?"

"இஞ்சாலைதான் காத்து வருது," என்றேன்.